பதினேழாம் எண் அழைப்பு மணி

பதினேழாம் எண் அழைப்பு மணி பத்து லட்சத்து ஒன்றாவது முறை அடித்தபோது, பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டுப் போன ஏசி மெக்கானிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபது. கையில் அன்றைக்கு அவர் வாங்கப் போன கெபாசிட்டர் இருந்தது. கடையில் கொஞ்சம் கூட்டம் என்றார். தலை நரைத்திருந்தது, கண்ணாடி புதிதாக வந்திருந்தது, ஆனால் ஏசியின் மூடியை எந்த மேசைமேல் கழற்றி வைத்தார் என்பது மட்டும் மறக்கவில்லை. அந்த ஏசி பழைய இரும்புக்குப் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டதை மேலாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். போகும்போது "சீக்கிரம் வாங்க" என்று அவரிடம் சொன்னதும் அதே மேலாளர்தான். மெக்கானிக் வெற்றுச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, சொன்னது சொன்னதுதானே என்று கெபாசிட்டரை மேசையில் வைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, "சரி, வரேன்" என்று கிளம்பினார். இந்த முறை யாரும் பதில் சொல்லவில்லை.

அது பொருள்களின் ஆயுளைச் சோதிக்கும் கூடம். ஒரு பொருள் பத்து வருடம் உழைக்கும் என்று அட்டைப்பெட்டியில் அச்சடிக்க வேண்டுமானால், அதன் உடன்பிறப்பு ஒன்றை யாராவது சாகும்வரை உழைக்கவைத்துப் பார்த்தாக வேண்டும். அந்த யாராவது இவர்கள்தான். இரண்டாம் மாடியில், பேருந்து நிறுத்தத்தைப் பார்த்த ஜன்னல்களோடு மூன்று நீள அறைகள். முதல் அறையில் மடக்குக் கைபேசிகள் நாள் முழுக்க மடங்கி விரியும். கைதட்டத் தெரியாத ஒரு கூட்டம் கைதட்டிப் பழகுவது போலிருக்கும். இரண்டாவதில் ரிமோட்டுகளை நாலு மணி நேரம் வேகவைத்து நாலு மணி நேரம் குளிரவைப்பார்கள். மூன்றாவதில் இரும்புச் சட்டங்களில் எண் ஒட்டிய சாம்பிள்கள் வரிசையாக நின்றன. இவை எல்லாவற்றையும் ஆட்டிவைத்தது ஒரு சாஃப்ட்வேர். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது, அழுத்தியதும் பொருள் பதில் சொன்னதா, சொல்லவில்லையென்றால் எந்த நொடியில் வாயை மூடியது என்று அது ஓயாமல் எழுதிக்கொண்டே இருந்தது. அது ஓடிய கம்ப்யூட்டரின் நெற்றியில் "அணைத்தால் கை இருக்காது" என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஒட்டியது அந்த சாஃப்ட்வேரை எழுதிய பெண்.

அவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் பொறுமை. பெயர் வைத்தவர்களின் குசும்பு அது. லிஃப்ட் வரும்வரை நிற்க முடியாமல் படியேறுவாள். தண்ணீர் கொதிக்கும்வரை காத்திருக்க முடியாமல் வெதுவெதுப்பாகவே டீ குடிப்பாள். இருபது வருடம் நடக்கப்போகும் ஒன்றை ஒரே வருடத்தில் நடத்திப் பார்த்துவிடத் துடிக்கிற ஆள்தானே இப்படி ஒரு சாஃப்ட்வேர் எழுத முடியும் என்று மேலாளர் சொல்வார். அதில் பாதி பாராட்டு, பாதி பயம். மணிகளுக்கான பகுதியை அவள் புதிதாக எழுதவில்லை. முன்பு ஒரு வாசல் கேமராவுக்காக எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டினாள். அந்தக் கேமரா, மணி அடித்ததும் வாசலில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்லும். அதனால் ஒவ்வொரு முறை அடித்தபின்னும் "வந்தது யார்?" என்று ஒரு சின்னக் கட்டம் திறந்து, பதில் கிடைக்காமல் தானே மூடிக்கொள்ளும். சும்மா மணிக்கு எதற்கு அந்தக் கேள்வி என்று அதை நீக்கப் பார்த்தாள். நீக்கினால் சம்பந்தமே இல்லாத வேறெங்கோ இடித்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். இந்தத் தொழிலில் உள்ளவர்கள் எல்லோரும் இப்படி ஏதோ ஒன்றை விட்டுவைத்திருப்பார்கள், தங்கள் பிள்ளைகளிடம்கூடச் சொல்ல மாட்டார்கள்.

மணிக் கம்பெனி தந்தது ஆறு மணிகள், பன்னிரண்டு முதல் பதினேழு வரை. முப்பது விநாடிக்கு ஒரு முறை, காற்றில் இயங்கும் ஒரு ரப்பர் விரல் இறங்கிப் பொத்தானை அழுத்தும். மணி டிங் டாங் என்னும். எதிரே உள்ள சின்ன மைக், விரல் அசையத் தொடங்கியதிலிருந்து இரண்டு விநாடிச் சத்தத்தைப் பதிந்துகொள்ளும். ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது அழைப்புகள், ஒன்றுக்கும் யாரும் வரவில்லை. போகிறவர்கள் எல்லோரும் "வரேன்" என்று சொல்லிப் போகிற மொழியைப் பேசிக்கொண்டு, அழைப்பு மணியை இத்தனை முறை சும்மா அடிப்பது நல்லதா என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்று மாதத்துக்குள் ஐந்து மணிகள் ஊமையாயின. பதினேழு மட்டும் அடித்தது.

அது ஏன் அடித்தது என்பதில்தான் பொறுமைக்கும் அவள் தம்பிக்கும் சண்டை வந்தது. தம்பி அதே கூடத்தில் டெக்னீஷியன். இரும்புச் சட்டங்களைச் செய்வதும் ரப்பர் விரல்களைப் பொருத்துவதும் அவன் வேலை. இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள், அம்மா போனபின் அந்த வீட்டில் இருவர்தான். நாலாம் மாத அறிக்கைக்காகப் பதிவுகளைப் புரட்டிய பொறுமை, பத்தாம் நாள் பதிவில் ஒரு விஷயத்தைக் கண்டாள். பதினேழாம் மணி அடுத்தடுத்து மூன்று முறை ஊமையாகியிருந்தது. நாலாவது முறை பேசியிருந்தது. நின்றுபோன சாம்பிள் தானாகப் பிழைத்துக்கொள்வது அந்தக் கூடத்தின் சரித்திரத்தில் இல்லை. சாலிடரிங் இரும்போடு அந்தப் பக்கம் போகிற ஆளும் ஒருவன்தான்.

"தொட்டியா?" என்றாள்.

"தொட்டேன். உள்ள ஒயர் விட்டுருந்துச்சு. ஒரு நிமிஷ வேலைக்கா."

"சாம்பிள் செத்தா சாகணும்டா. எப்ப சாகுதுன்னு பாக்கத்தான் நம்மள வச்சிருக்காங்க. நீ வைத்தியம் பாக்குற."

"நீ எண்ணிட்டு உக்காந்திரு. கண்ணு முன்னாடி ஒண்ணு நின்னுபோனா எனக்குக் கை சும்மா இருக்காது."

கை சும்மா இருக்காதவனை வைத்துக்கொண்டு ஆயுள் சோதனை நடத்த முடியாது. அவன் தம்பியாக இல்லாதிருந்தால் அவள் ஒருவேளை கண்டும் காணாமல் விட்டிருப்பாள். தம்பி என்பதால் விட முடியவில்லை. அறிக்கையில் "பதினேழு: தொடப்பட்டது, முடிவில் சேராது" என்று எழுதினாள். மேலாளர் படித்தார், தொண்டையைச் செருமினார், தம்பியை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். தம்பி கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்றாம் அறைக்கு வந்து, கதவருகே நின்றான். பொறுமை திரும்பாமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மணி பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் அவன் "போறேன்க்கா" என்றது அவள் காதில் விழுந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அவர்கள் வீட்டில் "போறேன்" என்று யாரும் சொன்னதில்லை. சின்ன வயதில் தம்பி ஒரு முறை விளையாடக் கிளம்பும் அவசரத்தில் "போறேம்மா" என்று கத்திவிட்டு ஓட, அம்மா தெருக்கோடிவரை துரத்திப் போய், காதைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்து, "போயிட்டு வரேன்" என்று சொல்லவைத்து, "சரி, போயிட்டு வா" என்று பதிலும் சொல்லித்தான் மறுபடி அனுப்பினாள். பால் வாங்கப் போனாலும் அதுதான் வழக்கம். அப்படி வளர்ந்தவன் "போறேன்" என்று சொன்னால், அது வாய் தவறி வந்த வார்த்தையாக இருக்காது. யோசித்து எடுத்த முடிவாகத்தான் இருக்கும். பொறுமை அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். திரும்பாமலே "போ" என்றாள். மாலை வீட்டுக்குப் போனபோது அவன் துணிகள் இல்லை, செருப்பு இல்லை. ஒரு மாதத்தில் அவன் கைபேசி எண் வேறு யாரோ ஒரு பெரியவருக்குப் போயிருந்தது. அவர் நல்லவர், அவள் அழைக்கும்போதெல்லாம் "நான் இல்லம்மா" என்று வருத்தத்தோடு சொன்னார்.

முடிவில் சேராத பதினேழாம் மணியை நிறுத்தியிருக்கலாம். நிறுத்த ஒரு படிவம் உண்டு, அதில் காரணம் குறிக்க வேண்டும். பட்டியலில் இருந்த காரணங்கள் மூன்று: பழுது, மின்தடை, தீ. மணிக்கு மூன்றும் நேரவில்லை. அது ஓடியது. தம்பி போய் ஏழரை மாதத்தில் பத்து லட்சத்தைத் தொட்டது. அடுத்த முறை அடித்தபோதுதான் ஏசி மெக்கானிக் வந்தார், "வந்தது யார்?" என்ற கட்டம் முதல் முறையாக மூடிக்கொள்ளாமல், பதிலுக்காகக் கண்சிமிட்டிக்கொண்டு நின்றது. பொறுமை யோசித்து "ஏசி மெக்கானிக்" என்று எழுதினாள். கட்டம் நிம்மதியாக மூடியது.

அதன்பின் வாரத்துக்கு இருவர் மூவர் வந்தார்கள். "மழை விட்டதும் வரேன்" என்று குடை வாங்கிப்போன பழைய ஊழியர் ஒருவர் குடையோடு வந்தார், குடை நனைந்திருந்தது. "ஒரு கையெழுத்துதான், நாளைக்கு வரேன்" என்றிருந்த அரசு அதிகாரி வந்து கையெழுத்துப் போட்டார். இதைத்தான் பலர் நம்பவில்லை. ஒரு நாள் காலை மணி அடித்ததும் மேலாளர் நாற்காலி காலியானது. மேசையில் பேனா மூடாமல் கிடந்தது. ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள அவர் அம்மாவின் வீட்டு வாசலில், கழுத்தில் அடையாள அட்டையோடு அவர் நின்றுகொண்டிருந்தார். மூன்று வருடமாக வாராவாரம் கைபேசியில் "அடுத்த வாரம் வரேம்மா" என்று சொல்லி, "சரிப்பா, வா" என்று பதிலும் வாங்கியிருந்தார். நாலு நாள் கழித்து, பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டு திரும்பினார். அன்றிலிருந்து கூடத்தில் கைபேசியில் பேசுகிறவர்கள் "பாக்கலாம்" என்றுதான் முடித்தார்கள்.

கூடத்து வாட்ச்மேனின் மனைவி வந்தது இரண்டாம் ஆண்டில், ஒரு செவ்வாய், பிற்பகல் மூன்று நாற்பதுக்கு. அந்த அம்மா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியின் பச்சை அங்கியில், கையில் ஒட்டிய பஞ்சோடு, கீழே கேட்டில் யாரும் இல்லையே என்று சொல்லிக்கொண்டே படியேறி வந்தார். ஆபரேஷன் அறைக்குத் தள்ளிப் போகும்போது "வரேன், பயப்படாதீங்க" என்று சொன்னவர் அவர். "போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தவர் வாட்ச்மேன். டீ வாங்கிக்கொண்டு அப்போதுதான் மேலே வந்த வாட்ச்மேன், கையிலிருந்த டீ சிந்தாமல் பார்த்துக்கொண்டு, மெதுவாக அதைக் கீழே வைத்தார். முதல் அறைப் பையன்கள் யாரும் சொல்லாமலே கைபேசிகள் மடங்குவதை நிறுத்தினார்கள். தொடங்கிய நாளிலிருந்து அந்த அறை அமைதியாக இருந்தது அந்த அரை மணிதான். இருவரும் ஜன்னலோர ஸ்டூல்களில் உட்கார்ந்தார்கள். சாப்பிட்டீர்களா என்று மனைவி கேட்டதும், சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லாததைச் சுட்டிக்காட்டியதும் மட்டும் மற்றவர்களுக்குக் கேட்டது. நாலு பத்துக்கு எழுந்து "சரி, வரேன்" என்றார். வாட்ச்மேன் அவசரமாக "போயிட்டு வா" என்றார். அப்படிச் சொன்னதால் அடுத்த மாதமும் வந்தார், அதற்கடுத்த மாதமும். பதிவில் அவர் "வாட்ச்மேன் வீட்டம்மா" என்று இருக்கிறார். மேலாளர் பார்வையாளர்களுக்காக ஒரு பெஞ்ச் வாங்கிப் போட்டார், வாங்கிய காரணம் என்ற இடத்தில் "உட்கார" என்று எழுதினார்.

பொறுமை ஒவ்வொரு முறையும் கதவைப் பார்த்தாள். முப்பது விநாடிக்கு ஒரு முறை தலை தானாகத் திரும்பும்; வேலையைக் கெடுக்கிறது என்று மேசையைக் கதவைப் பார்த்தபடி திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஒரு நாள் வாட்ச்மேன் அவளிடம், உங்க தம்பியும் வருவாப்ல மேடம் என்றார். வர மாட்டான் என்றாள். வரேன் என்று சொல்லிப் போனவர்கள்தான் வருகிறார்கள், அவன் போறேன் என்று சொல்லிப் போனவன். வாட்ச்மேன் கீழே கேட்டுக்குப் போனார். ரப்பர் விரல் தேய்ந்து நுனி வழுக்கையாகியிருந்தது, பொத்தானில் ஒரு குழி விழுந்திருந்தது. ஏழாம் ஆண்டில் மணி எழுபது லட்சத்தைத் தாண்டியது.

அப்போது பதிவுகள் நிறைந்துவிட்டன. ஒவ்வொரு அடிக்கும் இரண்டு விநாடிச் சத்தம் என்று சேர்ந்து சேர்ந்து, வாங்கிப் போட்ட வன்தட்டுகள் எல்லாம் வழிந்தன. முதல் வருடத்துச் சத்தங்களை அழித்துவிடலாம், இல்லையென்றால் மணியை நிறுத்திவிடலாம், மின்தடை என்று எழுதிக்கொள்ளலாம் என்றார் மேலாளர். நிறுத்தினால் வாட்ச்மேனின் செவ்வாய்க்கிழமை போய்விடும். அழிப்பதென்று முடிவானது. பொறுமை அழிக்க உட்கார்ந்தாள். முதல் வருடம் என்றால் அதில் தம்பி போன அந்த நாளும் உண்டு. எண்கூட அவளுக்குத் தெரியும்: மூன்று லட்சத்து நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஏழு. ஆறரை வருடத்தில் ஒரு நாளும் அவள் அதைத் திறந்ததில்லை. அந்த வார்த்தையை ஒரு முறை கேட்டதே போதும் என்றிருந்தது. ஆனால் கேட்பது வேறு, அழிப்பது வேறு. அந்த இரண்டு விநாடியில் அவன் குரல் இருக்கிறது, வீட்டில்கூட அது இல்லை. திறந்தாள்.

போ. டிங் டாங். ரேன்க்கா. பிறகு, மணியின் கடைசி முனகலுக்கு மேல், அவளுடைய சொந்தக் குரலில் ஒரு "போ".

அவள் மறுபடி கேட்டாள். எழுதும்போதுதான் வல்லின றகரம் வேறு, இடையின ரகரம் வேறு; காதுக்கு இரண்டும் ஒன்றுதான். "போ"வுக்கும் "ரேன்"னுக்கும் நடுவே மணி முழுதாக உட்கார்ந்திருந்தது. "போறேன்" என்பது அவ்வளவு நீளமான வார்த்தை இல்லை, அதற்குள் ஒரு டிங் டாங் நுழைய இடம் கிடையாது.

அந்த சாஃப்ட்வேரில் "வித்தியாசம்" என்று ஒரு பொத்தான் உண்டு, அவளே எழுதியது. மணியின் குரல் நாளாக ஆகத் தேய்கிறதா என்று பார்ப்பதற்காக, இதுவரை அடித்த எல்லா அடிகளின் சராசரியையும் எடுத்து, ஒரு அடியிலிருந்து கழித்துக் காட்டும். பத்துப் பதினைந்து அடிகளின் சராசரி என்றால் கழித்தபின்னும் மணி கொஞ்சம் மிச்சமிருக்கும். இங்கே எழுபத்தோரு லட்சம் அடிகள் இருந்தன. உலகத்தில் வேறெந்த மணியின் குரலையும் யாரும் இவ்வளவு நுணுக்கமாக அறிந்ததில்லை. தாய் பிள்ளையின் குரலை அறிந்ததுகூட இதில் பாதி இருக்காது. பொத்தானை அழுத்தினாள். முதலில் டிங் போனது. பிறகு டாங் போனது. அதன் முனகல் போனது, ரப்பர் விரலின் பெருமூச்சு போனது. மணி இருந்த இடம் துடைத்துவைத்த தரை போலாயிற்று. அந்தத் தரையில் ஆறரை வருடமாக யாரும் மிதிக்காமல் கிடந்தன நாலு எழுத்தும் ஒரு புள்ளியும்.

"போயிட்டு வரேன்க்கா."

அவசரமில்லாமல், கோபமில்லாமல், பால் வாங்கப் போகிறவன் மாதிரி சொல்லியிருந்தான்.

வாட்ச்மேனும் மேலாளரும் ஸ்பீக்கரில் கேட்டார்கள். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அப்படியென்றால் ஏன் வரவில்லை என்று பொறுமை கேட்டாள், இருவரில் யாரையும் பார்க்காமல். வரேன் என்று சொன்னவர்கள் எல்லோரும் வந்தார்களே. வாட்ச்மேன்தான் தயக்கத்தோடு பதில் சொன்னார்.

"அவரு சொல்லிட்டாரு மேடம். நீங்க இன்னும் சொல்லல."

பொறுமை எழுந்தாள். சட்டத்தருகே போய், மணிக்கு எதிரே இருந்த அந்தச் சின்ன மைக்கின்முன் குனிந்தாள். மணி அப்போதுதான் அடித்து ஓய்ந்திருந்தது. "சரி, போயிட்டு வா" என்றாள். குரல் சரியாக வரவில்லை என்று நினைத்து இன்னொரு முறை சொன்னாள். பிறகு நின்றாள். லிஃப்டுக்கு நிற்காதவள், தண்ணீர் கொதிக்க நிற்காதவள், இருபது வருடத்தை ஒரு வருடத்தில் அடைப்பவள், மிச்சமிருந்த இருபத்தி மூன்று விநாடியை ஒவ்வொன்றாக நின்று தீர்த்தாள். கூடத்தில் அதுவரை நடந்த ஆயுள் சோதனைகளில் கடினமானது அதுதான் என்று மேலாளர் பிற்பாடு சொன்னார். ரப்பர் விரல் இறங்கியது. பதினேழாம் எண் அழைப்பு மணி எழுபத்தோரு லட்சத்து எட்டாயிரத்து நானூற்று நாற்பத்திரண்டாவது முறை அடித்தது. கதவு திறந்தது.

தம்பி கொஞ்சம் இளைத்திருந்தான். அதே பைதான், வார் மட்டும் புதிது. அவன் முதலில் அக்காவைப் பார்க்கவில்லை, மணியைப் பார்த்தான்.

"இன்னுமா ஓடுது?"

"நீ தொட்டதுல்ல" என்றாள் பொறுமை.

பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். எங்கெங்கோ இருந்ததாகச் சொன்னான், எல்லா ஊரிலும் பழுதான பொருள்கள் இருப்பதால் பிழைப்புக்குக் குறைவில்லை என்றான். ஒரே ஒரு தொந்தரவுதான். இங்கிருந்து போன ஏழெட்டு மாதத்தில் ஆரம்பித்தது. அரை நிமிடத்துக்கு ஒரு முறை வலது கால் தானாக ஒரு அடி எடுக்கத் தூக்கும், பிறகு என்னவோ ஒன்று கிடைக்காதது போல அங்கேயே இறங்கிவிடும். நிற்கும்போதும் உட்காரும்போதும், தூக்கத்திலும். டாக்டர்கள் நரம்பு என்றார்கள். இன்றைக்குத்தான், எந்த ஊரில் எந்தக் கடை வாசலில் என்பதுகூட நினைவில்லை, தூக்கிய கால் முன்னால் போய் ஊன்றியது. ஊன்றிய இடம் இந்தக் கூடத்தின் வாசற்படி. பொறுமை குனிந்து அவன் செருப்புகளைக் கழற்றிப் பார்த்தாள். தேய்மானம் பார்ப்பது அவள் தொழில். இடது செருப்பு நேற்று வாங்கியது போலிருந்தது. வலது செருப்பின் அடி காகிதம் போல மெலிந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஜன்னல் தெரிந்தது. அறுபத்தோரு லட்சம் முறை என்று அவள் பார்த்தவுடன் சொன்னாள். பிறகு அந்தச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் அழுதாள். தம்பி, இதுக்குப் போய் அழுவாங்களா, ஜோடிக்கு நாப்பது நாள் வாரண்டிதான் கடைக்காரன் குடுத்தான், எவ்ளோ உழைச்சிருக்கு பாரு என்றான்.

"வந்தது யார்?" என்ற கட்டம் இத்தனை நேரமும் கண்சிமிட்டிக்கொண்டே நின்றது. பொறுமை போய் "தம்பி" என்று எழுதினாள். அந்த வாரமே மணிக் கம்பெனிக்கு இறுதி அறிக்கை போனது. "தொடப்பட்டது" என்ற வார்த்தையை அவள் நீக்கவில்லை, அது உண்மைதானே. ஆயுள் என்ற இடத்தில் எண் எழுத முடியாமல் "உழைக்கிறது" என்று மட்டும் எழுதினாள். முதல் வருடத்துச் சத்தங்களும் அழியவில்லை. மேலாளர் தன் சொந்தக் கணினியில் இருந்த மூவாயிரம் புகைப்படங்களைத் தூக்கிவிட்டு இடம் கொடுத்தார்; பெரும்பாலும் அவருடைய புகைப்படங்களே என்பதால் யாருக்கும் இழப்பில்லை.

தம்பி அன்றைக்கே ரப்பர் விரலைத் தூக்கி நுனியைத் தடவிப் பார்த்தான். இவ்வளவு தேய்ந்திருக்கிறதே, ஒருத்தரும் மாற்றவில்லையா என்றான். தொடக் கூடாது என்று விட்டோம் என்றார்கள். அவன் அக்காவைப் பார்த்தான். சாம்பிளைத்தான் தொடக் கூடாது, விரலைத் தொடலாம் என்று பொறுமை தீர்ப்புச் சொன்னாள். எதிர்க் கடையில் கிடைக்கும், வாங்கி வருகிறேன் என்று பையை மாட்டிக்கொண்டு கதவருகே போய் வாயைத் திறந்தவன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். விரல் இறங்கியது. மணி அடித்தது. டிங் போய், டாங் போய், அதன் முனகலும் அடங்கும்வரை கதவுப்பிடியில் கை வைத்தபடி நின்றான்.

"போயிட்டு வரேன்க்கா."

பொறுமை நாற்காலியோடு முழுதாகத் திரும்பி, அவன் முகத்தைப் பார்த்து, "சரி, போயிட்டு வா" என்றாள். இருபது நிமிடத்தில் இரண்டு ரப்பரோடு வந்தான், ஒன்று உபரி.

மணி இப்போது ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. மாதத்தின் முதல் செவ்வாய்களில் பெஞ்சின் இடது ஓரத்தை வாட்ச்மேன் வீட்டம்மாவுக்கு விட்டுவைக்கிறார்கள். அந்தக் கூடத்தில் மணி அடிக்கும்போது யாரும் விடைபெறுவதில்லை. போகிறவர்கள் கதவருகே நிற்கிறார்கள், இருப்பவர்கள் கையிலிருக்கும் வேலையை விட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள், மணி ஓய்கிறது, அதன்பின் சொல்ல வேண்டியதைச் சொல்லி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு இதனால் தினமும் ஒரு பேருந்து தவறும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.